மான்டிகோர் சிலை: முகம் பிரமாதம், வால்தான் போச்சு

மகனுக்குப் பழங்கதை மிருகங்கள் என்றால் உயிர். இந்தத் தடவை மனுசனைத் தின்னும் மான்டிகோர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான், சரி என்று இணையக் கடை ஒன்றில் ரெசின் சிலை வாங்கினேன், ஒரு சாண் உயரம், 48 சிங்கப்பூர் வெள்ளி. நாலே நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

முகத்துக்கு முழு மதிப்பெண். சிங்க உடம்பில் மனித முகம், மனிதக் காது, வெளிர்நீலக் கண், உடம்பு முழுக்க சாதிலிங்கச் சிவப்பு. கிமு 400 வாக்கில் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த க்டீசியஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்தது இப்படித்தான். இந்தியாவில் இருக்கிற மிருகம் என்று வேறு அடித்துச் சொல்லியிருக்கிறார்! பெயரே பழைய பாரசீகத்தில் 'மனிதனைத் தின்பது' என்ற பொருளில் வருவது. பிற்காலத்துக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் மட்டும், இது புலியாகத்தான் இருக்கும், பயத்தில் ஆளாளுக்குச் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் ஒரே வரிசைப் பல். மூன்று வரிசை இருக்க வேண்டும், இந்த மிருகத்தின் அடையாளமே அதுதான். அதை விட்டுவிட்டு முதுகில் வௌவால் இறக்கையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். க்டீசியஸ் சொன்ன மிருகத்துக்கு இறக்கையே கிடையாது, அதெல்லாம் இந்தக் காலத்து விளையாட்டுகளிலிருந்து வந்த சேர்க்கை. மாமியார் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாளிக்கு எதுக்குய்யா மனுச மூஞ்சி?" என்று கேட்டார். சிங்கத் தலைக்கு மீன் வால் வைத்த மெர்லயன் சிலை நிற்கும் ஊரில் இருந்துகொண்டு நான் என்னத்தைச் சொல்வது.

பெரிய குறை வால். தேள் கொடுக்கு மாதிரி வளைந்து, நுனியில் முட்களோடு இருக்க வேண்டியது, பெட்டியைப் பிரித்தபோது இரண்டு துண்டாகக் கிடந்தது. உள்ளே ஒரே சுற்று பபிள் ராப், அவ்வளவுதான். கொடுக்கு முளைக்காமல் இருக்க இந்தியர்கள் இதன் குட்டிகளைப் பிடித்து வாலை நசுக்கிவிடுவார்கள் என்று பழைய குறிப்பு ஒன்று உண்டு, அந்த வேலையை இங்கே கொரியர்காரரே முடித்துவிட்டார் போல. சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன், கோடு தெரிகிறது, மகன் அதைப் போர்க்காயம் என்கிறான்.

வாங்கலாமா என்றால், முகத்துக்காக வாங்கலாம், ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால் பணம் திரும்பவில்லை. 5 வெள்ளி வவுச்சர் கொடுத்தார்கள், அதையும் அவர்கள் கடையிலேயேதான் செலவழிக்க வேண்டுமாம்.