ஒரே அச்சில் பல பேனல்கள்: மேட்பிளாட்லிப்போடு ஏழு வருட அனுபவம்

போர்வெல் நீர்மட்டம், மழையளவு, நீரின் உப்புத்தன்மை. இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரே தேதி அச்சில் வரைந்து கொடுப்பது 2018லிருந்து என் வேலையில் ஒரு பங்கு. கருவி மேட்பிளாட்லிப், பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரையும் நூலகம். நான் தொடங்கியபோது 2.2 பதிப்பு, இப்போது கணினியில் இருப்பது 3.10. நடுவில் வேறு நூலகங்களையும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு இதற்கே திரும்பினேன். முழு நூலகத்தைப் பற்றியும் எழுத எனக்குத் தகுதியில்லை. ஒரு படத்துக்குள் இருக்கும் தனித்தனிக் கட்டங்களை, அதாவது பேனல்களை, ஒரே கிடை அச்சைப் பகிரவைக்கும் ஷேர்எக்ஸ், ஒரே செங்குத்து அச்சைப் பகிரவைக்கும் ஷேர்ஒய் என்ற இரண்டு சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னை அதிகம் வேலை வாங்கியவை அவைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேனல்களை உருவாக்கும் சப்பிளாட்ஸ் என்ற கட்டளையை அழைக்கும்போது ஷேர்எக்ஸ் என்பதை ட்ரூ (ஆம்) என்று கொடுத்தால் போதும். மூன்று பேனலுக்கும் தேதி அச்சு ஒன்றாகிவிடும். கீழே இருப்பதற்கு மட்டும் தேதி எழுத்துகள் இருக்கும், மேலே உள்ளவற்றில் தானாக மறைந்துவிடும். நவம்பர் மழையை மட்டும் பார்க்க மேல் பேனலைப் பெரிதாக்கினால், நீர்மட்டமும் உப்பும் கூடவே அந்த நாட்களுக்கு நகரும். முதல் தடவை பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன். இந்த நூலகத்தைத் தொடங்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டதில்தான் இது பிறந்தது. பல வாய்க்கால்களில் ஒரே நேரத்தில் ஓடும் சமிக்ஞைக்கும் என் போர்வெல்களுக்கும் தேவை ஒன்றுதான்: ஒரே நேர அச்சு.

சரி, தொல்லைக்கு வருவோம்.

முதல் மாதமே நடந்தது. நடுப் பேனலில் டிக் கோடுகள் (அச்சில் அளவைக் காட்டும் சிறு கோடுகள்) வேண்டாம் என்று நினைத்து, அதற்கு மட்டும் செட்_எக்ஸ்டிக்ஸ் போட்டு வெற்றுப் பட்டியல் கொடுத்தேன். மூன்று பேனலிலும் தேதிகள் காணாமல் போயின. வேறு எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று நினைத்து மூல நிரலை முழுக்க அலசினேன். தப்பு அங்கே இல்லை, என் மனதில் இருந்த படத்தில்தான். பகிர்ந்த அச்சு என்றால் இரண்டு அச்சுகளின் எல்லைகளை ஒரு கயிற்றால் கட்டிவைப்பது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டிக் எங்கே விழவேண்டும் என்று தீர்மானிக்கும் லொக்கேட்டர், அதை எப்படி எழுதவேண்டும் என்று தீர்மானிக்கும் ஃபார்மேட்டர், இரண்டும் எல்லாப் பேனலுக்கும் பொதுவான ஒரே பொருள். பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு மாதிரி. ஒருவர் வாளியைக் கழற்றினால் யாருக்கும் தண்ணீர் இல்லை.

எல்லைகளும் அப்படியே. மடக்கை அளவுகோலும் அப்படியே, ஒரு பேனலில் லாக் என்று மாற்றினால் பகிர்ந்த எல்லாமே லாக் ஆகும். டிக் எழுத்து தெரிகிறதா இல்லையா, எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, என்ன நிறம் என்பதெல்லாம் மட்டும் ஒவ்வொரு பேனலின் சொந்த விஷயம். ஆகவே ஒரே ஒரு பேனலில் எழுத்தை மறைக்க வேண்டுமென்றால் டிக்_பேராம்ஸ் அழைத்து லேபிள்பாட்டம் என்பதை ஃபால்ஸ் ஆக்கவேண்டும். டிக்கையே கலைக்கக் கூடாது. இது பொது, இது தனி என்ற பட்டியலை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதற்குப் பிறகு என் பிரச்சினைகளில் பாதி தானாகவே குறைந்தது.

மீதிப் பாதியில் எனக்கு மிகவும் பிடித்தது தலைகீழ் அச்சு. நீர்மட்டத்தைத் தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே என்றுதான் அளப்போம். அதனால் ஒய் அச்சைக் கவிழ்த்து, பூஜ்யத்தை மேலே வைத்து வரையவேண்டும். நான் எழுதியிருந்தது ஒரு சாதாரண லூப், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்: ஒவ்வொரு பேனலிலும் கோட்டை வரை, இன்வர்ட்_ஒய்ஆக்ஸிஸ் அழை. ஷேர்ஒய் போட்டிருந்தேன். மூன்று கிணறு உள்ள ஊருக்குப் படம் சரியாக வந்தது. நான்கு கிணறு உள்ள ஊருக்கு நேராக நின்றது. ஐந்துக்கு மறுபடி சரி. மழைக்காலத்தில் நீர்மட்டம் இறங்குகிறது என்று ஒரு படம் சொல்ல, அதை நம்பி ஒருவர் என்னிடம் விளக்கம் கேட்டார், மானம் போனது.

காரணம் தெரிந்ததும் சிரிப்பு வந்தது. அந்த அழைப்பு ‘கவிழ்’ என்று சொல்வதில்லை, ‘இப்போது இருப்பதற்கு எதிராகத் திருப்பு’ என்று சொல்கிறது. பகிர்ந்த அச்சில் ஒருவர் திருப்பினால் எல்லோரும் திரும்புவார்கள். நான்கு தடவை திருப்பினால் பழைய இடம்தான். ஒற்றைப்படை கிணறு இருந்த ஊர்களெல்லாம் அதிர்ஷ்டத்தில் தப்பியிருக்கின்றன. இப்போது லூப்புக்கு வெளியே ஒரே தடவைதான் அழைக்கிறேன். அல்லது அச்சின் செட்_இன்வர்டட் என்பதற்கு ட்ரூ கொடுக்கிறேன், எத்தனை முறை சொன்னாலும் அதன் பொருள் மாறாது. செட்_ஒய்லிம் கொடுத்து 20, 0 என்று எல்லையையே தலைகீழாக எழுதினாலும் சரி.

அடுத்தது மழை. பாண்டாஸ் என்ற அட்டவணைத் தரவு நூலகத்தை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மாத மழையளவுக்கு மேல் பேனலில் பாண்டாஸின் பார் வரைபடம், கீழே நீர்மட்டத்துக்கு மேட்பிளாட்லிப்பின் சாதாரண கோடு, ஷேர்எக்ஸ் ட்ரூ. கீழ்ப் பேனல் வெறுமையாக வந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. தரவு இருக்கிறது, கோடு வரையப்பட்டிருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லையை விடுவித்து, தரவு முழுவதும் தெரியும்படி அதைத் தானாக அமைக்கும் ஆட்டோஸ்கேல் போட்டுப் பார்த்தேன். அச்சு 1970இல் தொடங்கி 2018 வரை நீண்டது. இடது ஓரத்தில் மழை ஒரு மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது, வலது ஓரத்தில் நீர்மட்டம்.

நடந்தது இதுதான். பாண்டாஸ் பார் வரையும்போது தேதியைத் தேதியாக நினைப்பதில்லை. முதல் பட்டை 0, இரண்டாவது 1, மூன்றாவது 2 என்று வரிசை எண்ணில் வைத்துவிட்டு, அந்தந்த இடத்தில் தேதியை வெறும் எழுத்தாக ஒட்டிவிடும். எல்லையையும் அந்தப் பட்டைகளுக்கு ஏற்ப இறுக்கிவிடும். மேட்பிளாட்லிப் தேதியை 1970 ஜனவரி 1லிருந்து எத்தனை நாள் என்ற எண்ணாக மாற்றுகிறது (3.3 பதிப்புக்கு முன்னால் இந்தத் தொடக்கப் புள்ளி வேறு). 2018 அக்டோபர் 1 என்பது 17805. ஆக ஒரே அச்சில் மழை 0லிருந்து 11 வரை, நீர்மட்டம் 17805ஐச் சுற்றி. இரண்டும் சந்திக்க வழியே இல்லை. என் கணினிப்படி அந்த வருட மழை முழுக்க 1970 ஜனவரியின் முதல் பன்னிரண்டு நாளில் பெய்து முடிந்திருந்தது.

தீர்வு எளிது: பார் வரைபடத்தையும் மேட்பிளாட்லிப்பின் பார் கொண்டே, தேதியை நேரடியாகக் கொடுத்து வரையுங்கள். பட்டையின் அகலம் அப்போது நாட்கணக்கில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மாத மழைக்கு 20 அல்லது 25 கொடுப்பேன். பாண்டாஸின் கோட்டு வரைபடத்திலும் இதே சாயலில் ஒரு வம்பு உண்டு. மாத இடைவெளியுள்ள தொடரை அது 1970லிருந்து எத்தனையாவது மாதம் என்று எண்ணும். 2018 அக்டோபர் அங்கே 585. எக்ஸ்_கம்பாட் என்பதை ட்ரூ ஆக்கினால் வழக்கமான தேதிக்கு வந்துவிடும். நான் இப்போது அட்டவணைக்குப் பாண்டாஸ், படத்துக்கு மேட்பிளாட்லிப் என்று வேலையைப் பிரித்துவிட்டேன்.

2020 வாக்கில் கிணற்றுக்குள் ஆழம் ஆழமாக வெப்பநிலை அளக்கும் கருவி வந்தது. நேரம் ஒரு அச்சு, ஆழம் ஒரு அச்சு, வெப்பநிலை நிறமாக. அதற்கு, எந்த நிறம் எந்த வெப்பநிலை என்று காட்டும் கலர்பார் ஒன்றைச் சேர்த்தேன். கலர்பார் தனக்கு வேண்டிய இடத்தை அந்தப் பேனலிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், சொல்லாவிட்டால் 15 சதவீதம். அதனால் வெப்பநிலைப் பேனல் குறுகி, மழைப் பேனல் பழைய அகலத்திலேயே நின்றது. எல்லை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் டிசம்பர் 1 மேலே ஒரு இடத்திலும் கீழே ஒரு இடத்திலும் விழுந்தது. மேலிருந்து கீழே ஸ்கேலை வைத்து ஒப்பிடுகிறவருக்கு இது தவறான படம். முதலில் ஒவ்வொரு பேனலின் இடத்தையும் கையால் எண்ணிட்டுச் சரிசெய்தேன், ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிடம். பிறகு கலர்பாருக்கு எல்லாப் பேனல்களின் பட்டியலையும் கொடுத்தால் இடத்தை எல்லோரிடமும் சமமாக எடுக்கும் என்று தெரிந்தது. இன்னும் நல்ல வழி, படத்தை உருவாக்கும்போதே லேஅவுட் என்பதற்குக் கன்ஸ்ட்ரெய்ன்ட் என்று கொடுப்பது. ஒரே நெடுவரிசையில் உள்ளவற்றின் ஓரங்களை அது ஒத்துவைக்கிறது. இப்போது அது இல்லாமல் நான் எந்தப் படத்தையும் தொடங்குவதில்லை. எண் அட்டவணையை நிறப் படமாகக் காட்டும் ஐஎம்ஷோ பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: அது பிக்சலைச் சதுரமாக வைக்கப் பார்த்துப் பேனலைச் சுருக்கும். ஆஸ்பெக்ட் (அகல உயர விகிதம்) என்பதை ஆட்டோ ஆக்குங்கள்.

பதிப்பு மாறும்போது பட்ட அடி ஒன்றே ஒன்றுதான், ஆனால் பலமாகப் பட்டது. பேனல்களை உருவாக்கிய பிறகு அச்சைப் பகிர, பழைய நிரல்களில் கெட்_ஷேர்டு_எக்ஸ்_ஆக்ஸஸ் எடுத்து, அதன்மேல் ஜாயின் என்று போடுவோம். 3.6 பதிப்பில் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 3.8 வந்ததும் ஜாயின் என்ற ஒன்றே இல்லை என்று நிரல் நின்றது. மாத அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் அது. பதிலாக 3.3லிருந்தே ஒவ்வொரு பேனலுக்கும் ஷேர்எக்ஸ் என்ற அழைப்பு இருக்கிறது. மாற்றினேன், ஓடியது, ஆனால் படம் வேறாக இருந்தது. பழைய ஜாயின் எல்லைகளை மட்டும்தான் பிணைக்கும், டிக் விஷயத்தில் கைவைக்காது. புதியது லொக்கேட்டர், ஃபார்மேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாக்குகிறது. அழைத்த நொடியில் மற்றவரின் எல்லையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. என் தரவு அதற்கு வெளியே இருந்தால் வெட்டுப்படும், ஒருமுறை ஆட்டோஸ்கேல் போடவேண்டும்.

எனக்குப் பழைய தளர்ந்த பிணைப்புதான் வேண்டியிருந்தது. மேலே மாதப் பெயர், கீழே முழுத் தேதி என்று இரண்டு வித எழுத்து. அதற்கு எக்ஸ்லிம்_சேஞ்ச்டு என்ற நிகழ்வில் ஒரு சின்ன செயல்கூற்றை மாட்டி, ஒரு பேனலின் எல்லை மாறினால் மற்றதற்கும் அதே எல்லையைக் கொடுக்கிறேன். எல்லை மாறியதை அறிவிக்கும் எமிட் என்பதை ஃபால்ஸ் ஆக்க மறந்தால் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் என் உண்மையான குறை. சேர்த்தால் சேர்த்ததுதான், பிரிப்பதற்கு அதிகாரபூர்வமான வழி கிடையாது. ஏற்கெனவே பகிர்ந்திருக்கும் பேனலில் மறுபடி ஷேர்எக்ஸ் அழைத்தாலும் மறுத்துவிடும். உள்ளே புகுந்து பிரிக்கும் குறுக்கு வழிகளை நானும் செய்து பார்த்தேன். எல்லை தனியாகப் போனது, லொக்கேட்டர் பொதுவாகவே இருந்தது, அரைகுறை விவாகரத்து. படத்தை அழித்துவிட்டுப் பகிராமல் மறுபடி வரைவதே மேல்.

சில்லறைத் தொல்லைகள் சில. ஐந்து கிணற்றுக்கு இரண்டு வரிசை, மூன்று நெடுவரிசை என்று ஆறு பேனல் எடுத்து, ஆறாவதை ரிமூவ் செய்தால் அதற்கு மேலே இருப்பதற்குத் தேதி எழுத்தே இருக்காது; தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்று அது எழுத்தை ஏற்கெனவே மறைத்திருக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் லேபிள்பாட்டம் ட்ரூ. தேதி நெடுவரிசையைச் சரமாகவே விட்டுவிட்டால் அது வகைகளின் பட்டியலாக மாறி, அந்தப் பட்டியலும் பகிரப்படும். இரண்டாவது பேனலில் உள்ள புதுத் தேதிகள் கடைசியில் போய் நிற்கும், ஜூலைக்குப் பிறகு மார்ச். எல்லாப் பேனலுக்கும் பொதுவான ஒய் தலைப்புக்கு 3.4லிருந்து சப்ஒய்லேபிள் இருக்கிறது. முன்பு இடத்தைக் குத்துமதிப்பாகக் கணித்து எழுத்தைத் திணிப்போம்.

ஒரே பேனலில் இரண்டாவது ஒய் அச்சைச் சேர்க்கும் ட்வின்எக்ஸ் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். மழை மேலிருந்து தொங்க, அதே பேனலில் நீர்மட்டக் கோடு. நீரியல்காரர்களுக்குப் பழகிய படம், எனக்கும் பிடிக்கும். எக்ஸ் மட்டும் பகிர்வதால் ஒய்யைத் தனித்தனியே கவிழ்க்கலாம். ஆனால் இரண்டாவது அச்சு எப்போதும் மேலே வரையப்படும், நீர்மட்டக் கோட்டை மழைப்பட்டைகள் மறைக்கும். முதல் அச்சின் இஸட்ஆர்டரை (எது எதன்மேல் வரையப்படும் என்ற வரிசை) உயர்த்தி, அதன் பின்னணியை மறைத்துவிட்டால் சரியாகும். பின்னணியை மறைக்க மறந்தால் மழையே காணாமல் போகும். எந்தக் கோடு எது என்று சொல்லும் லெஜண்டையும் இரண்டிலிருந்து எடுத்து ஒன்றாக்கவேண்டும். இதெல்லாம் ஒரு தடவை எழுதி ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, ஷேர்ஒய்யை நான் இப்போது மிகவும் குறைத்துவிட்டேன். ஒரு கிணற்றில் 4 மீட்டரில் தண்ணீர், அடுத்ததில் 60 மீட்டரில். பகிர்ந்தால் முதல் கிணற்றின் ஏற்ற இறக்கம் ஒரு நேர்கோடாகிவிடும். ட்ரூ என்பதற்குப் பதிலாக ‘ரோ’ கொடுத்தால் வரிசைக்குள் மட்டும் பகிரும். ஒத்த ஆழமுள்ள கிணறுகளை ஒரே வரிசையில் வைத்து அப்படித்தான் செய்கிறேன். போன மாத அறிக்கையில் எந்தக் கிணற்றை எந்த வரிசையில் வைப்பது என்று யோசித்ததில்தான் பாதி நாள் போனது.