லஞ்சத்துக்கு நிறுவனமே பொறுப்பு: பிரிட்டன் சட்டமா, இந்தியச் சட்டமா?

ஏட்டளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்தில் பிரிவு 7. நம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தம் கொண்டுவந்த பிரிவு 9. ஊழியரோ ஏஜென்டோ நிறுவனத்தின் ஆதாயத்துக்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி. அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. போதிய தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று நிரூபித்தால் தப்பலாம். நம் பிரிவு அரசு ஊழியர் லஞ்சத்தோடு நின்றுவிடுகிறது. பிரிட்டன் தனியார் லஞ்சத்தையும் பிடிக்கிறது.

ஊழலைத் தடுக்கும் வேலையில் பிரிட்டன் சட்டமே மேல். காரணம் அந்தத் 'தப்பிக்கும் வழி'யில் இருக்கிறது. அங்கே சட்டம் 2011 ஜூலையில் அமலாகும் முன்பே, மார்ச்சில், ஆறு கோட்பாடுகள் கொண்ட அரசு வழிகாட்டி வந்துவிட்டது: ஆபத்துக்கு ஏற்ற நடைமுறை, மேலிடத்தின் உறுதி, ஆபத்து மதிப்பீடு, இடைத்தரகர் பின்னணிச் சோதனை, பயிற்சி, தொடர் கண்காணிப்பு. பிரிவு 9-ம் மத்திய அரசு வழிகாட்டுதல் வகுக்க வேண்டும் என்கிறது. 2018 ஜூலையில் அமலாகி ஆண்டுகள் பல கடந்தும் அது வரவில்லை. அளவுகோலே இல்லாதபோது செலவு செய்து தடுப்பு ஏற்பாடு செய்த நிறுவனத்துக்கும் சும்மா இருந்த நிறுவனத்துக்கும் நீதிமன்றத்தில் என்ன வித்தியாசம் கிடைக்கும்?

சின்ன நிறுவனம் என்பதும் சாக்கு ஆகாது. 2018-ல் லண்டனில் ஸ்கான்சென் இன்டீரியர்ஸ் என்ற முப்பது பேர் கொண்ட நிறுவனம், தன் தரப்பில் லஞ்சம் கொடுக்கப்பட்டதைத் தானே முன்வந்து சொன்னது. ஆனால் லஞ்சத் தடுப்புக்கென எழுதிய நடைமுறை எதையும் காட்ட முடியவில்லை. போதிய தடுப்பு இருந்தது என்ற அதன் வாதத்தை ஜூரி ஏற்கவில்லை.

அடுத்தது, தானே சொன்னால் என்ன கிடைக்கும் என்பது. பிரிட்டனில் 2014 முதல், நிறுவனம் பணம் கட்டி நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கை ஒத்திவைக்கும் ஒப்பந்தம் உண்டு; 2017-ல் ரோல்ஸ் ராய்ஸ் 49.7 கோடி பவுண்டு கட்டித் தண்டனைத் தீர்ப்பைத் தவிர்த்தது. நம்மிடம் அப்படி ஒரு வழி இல்லாததால் வாயை மூடிக்கொள்வதே நிறுவனத்துக்கு லாபம். ஐ.டி. நிறுவனமான காக்னிசன்ட்டின் சென்னை வளாகக் கட்டட அனுமதிக்கான லஞ்ச விவகாரம்கூட அமெரிக்காவில் நிறுவனமே தெரிவித்ததால்தான் வெளிவந்தது. 2019-ல் சுமார் 2.5 கோடி டாலர் கட்டியது. ஒப்பந்ததாரர் லஞ்சம் கொடுப்பது, அதைக் கூடுதல் வேலைக்கான பில்லில் ஈடுகட்டுவது என்பதே ஏற்பாடு என்றது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம். ஆகவே கூடுதல் பில் எதுவானாலும், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, கட்டுமானப் பிரிவுக்கு வெளியே உள்ளவர் கையெழுத்திட்ட பிறகே பணம் போகட்டும்.

இந்தியச் சட்டம் கடுமை காட்டும் இடம் பிரிவு 10: சம்மதமோ உடந்தையோ நிரூபணமானால் இயக்குநருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. இது அச்சம் தரும். ஆனால் எதையும் தன் காதுக்குக் கொண்டுவராதபடி இயக்குநரை ஒதுங்கவும் வைக்கலாம்.

இப்போதைக்கு இந்திய நிறுவனங்கள் பிரிட்டனின் ஆறு கோட்பாடுகளின்படியே தங்கள் தடுப்பு நடைமுறைகளுக்கான ஆவணங்களைத் தயாரிப்பது நல்லது. ஊழல் வழக்கை விசாரிக்கும் நம் சிறப்பு நீதிமன்றம் அதைப் போதுமென ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தேதியிட்ட பயிற்சிப் பதிவும் ஏஜென்ட் சோதனை அறிக்கையும் இல்லாமல் போய் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.