கடைசிக் குடத்துக்குப் பின் பத்துத் தண்டால்: சிறு பழக்கங்களுடன் மூன்று ஆண்டுகள்

வடசென்னையில் காலடிப்பேட்டையில் குடியிருக்கிறேன், மண்ணடியில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், வயது 46. உடம்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கவலை உண்டு. ஆனால், அந்தக் கவலை என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பும் அளவுக்கு ஒருநாளும் வலுவாக இருந்ததில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து கடற்கரைச் சாலையில் ஓடுவது என்று பலமுறை தீர்மானித்து, பத்து நாளைத் தாண்டாமல் விட்டிருக்கிறேன். 2022 ஜூனில், மிகச் சிறிய செயல் ஒன்றை ஏற்கெனவே தினமும் செய்துவரும் வேலையோடு கட்டிவிடும் முறையைக் கடைப்பிடிக்கத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்ட நிலையில், எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை என்னைப் போல நடுத்தரமான ஆர்வம் கொண்ட ஆண்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அடிபம்பில் மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) பிடிப்பது என் பொறுப்பு. காலையில் ஆறு குடம். ஆறாவது குடத்தைச் சமையலறையில் இறக்கி வைத்ததும், சுவரில் கை ஊன்றிப் பத்துத் தண்டால் எடுப்பது என்பதே முதல் பழக்கம். பத்து என்பது மிகக் குறைவு என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் காய்ச்சல் நாளிலும் செய்யக்கூடிய அளவாக இருக்க வேண்டும் என்பதற்காக அதற்கு மேல் கூட்டவில்லை. இரண்டாவது, காலையில் தினசரி காலண்டரின் தாளைக் கிழித்ததும், அதன் வெற்றுப் பின்புறத்தில் முந்தைய நாள் செலவை எழுதுவது. மூன்றாவது, மாலையில் மண்ணடியில் மெட்ரோ ரயில் ஏறினால் காலடிப்பேட்டைக்கு ஒரு நிலையம் முன்னதாகச் சுங்கச்சாவடியிலேயே இறங்கி, திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்கு நடப்பது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்காவிட்டால் இந்த மூன்றாவது பழக்கம் எனக்கு வாய்த்திருக்காது. பேருந்தில் நெரிசலுக்கு நடுவே இடம் கிடைத்து உட்கார்ந்தவன், ஒரு நிறுத்தம் முன்னால் எழுந்து இறங்க மாட்டான்.

இந்த முறைக்கு ஆய்வுப் பின்புலம் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், 'உடற்பயிற்சி செய்வேன்' என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று இடத்தையும் தருணத்தையும் குறித்து வைப்பவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தபோது, ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்கு ஆன காலத்தின் இடைநிலை (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 66 நாள் என்று தெரியவந்தது; ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்றும் அந்தப் பன்னிரண்டு வாரப் பதிவுகளை வைத்து முன்கணித்தார்கள். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் சோர்ந்து போனவன் நான் என்பதால், இந்த எண்கள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன. தண்டால் எனக்குப் படிய ஏறத்தாழ நூறு நாள் ஆயிற்று. காலண்டர் தாளோ ஒரு மாதத்துக்குள் படிந்துவிட்டது, அதுவும் நான் மறந்த நாளில் "என்னங்க, இன்னும் தாளைக் கிழிக்கலியா?" என்று மனைவி கேட்டுவிடுவதால்.

நிலைக்காதவற்றையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் இருபது நிமிட உடற்பயிற்சி என்ற திட்டம் ஐந்து வாரத்தில் நின்றது. கப்பல் வரும் நாளில் நான் வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகும், மற்ற நாளில் ஏழு. ஒன்பதரைக்குப் பசியோடு வருகிற மனிதனிடம் இருபது நிமிடம் கேட்பது முறையல்ல. அடுத்தது கைபேசிச் செயலி. இடைவிடாமல் செய்த நாள்களை அது எண்ணிக் காட்டும்; 140-ஐத் தாண்டியிருந்தேன். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை, கைபேசி அணைந்து கிடந்தது. மின்சாரம் வந்ததும் பார்த்தால் எண்ணிக்கை பூஜ்யத்தில் நின்றது. அதற்குப் பிறகு அந்தச் செயலியைத் திறக்க மனம் வரவில்லை. ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை என்பதும் லாலி குழுவினர் கண்டதுதான்; அந்தச் செயலியின் எண்ணிக்கை முறையோ அதற்கு நேர்மாறான எண்ணத்தையே என் மனத்தில் பதித்துவிட்டது.

அதே மூன்று நாளும் தண்டால் நிற்கவில்லை. லாரியில் வந்த தண்ணீரையும் குடத்தில்தான் சுமந்தேன். கடைசிக் குடத்தை இறக்கியதும் கை தானாகச் சுவருக்குப் போயிற்று. பழக்கம் படிந்துவிட்டது என்று நான் முழுமையாக நம்பியது அன்றுதான்.

காசிமேட்டில் படகுத் தொழிலில் இருக்கும் என் தம்பிக்கும் இந்த முறையைச் சொன்னேன். அவனுக்குக் கடிகாரம் உதவாது. படகு கரை சேரும் நேரம் ஒவ்வொரு முறையும் வேறு. ஆகவே, கூலி கைக்கு வந்ததும் பத்து ரூபாய் உண்டியலில் போடுவது என்று செயலோடு கட்டினான். நான்கு மாதம் ஒழுங்காக நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தபோது கூலியும் நின்றது, அதோடு உண்டியலும் நின்றது. தடை முடிந்து கடலுக்குப் போன பின்னும் அவனுக்கு அந்த நினைவு திரும்பவில்லை. தவறு அவனுடையது அல்ல. எந்த வேலையோடு கட்டுவது என்று சொன்ன நான், ஆண்டில் இரண்டு மாதம் அந்த வேலையே இராது என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கரையில் இருக்கும் நாளில் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுக்கும்போது காசு போடுவது என்று இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறான். இந்த ஆண்டு தடைக்காலத்திலும் அது நடந்தது.

குறைகளும் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மாலை நடை பன்னிரண்டு நிமிடம். ஆறு நாளுக்கு 72 நிமிடம்தான் ஆகிறது. மூன்று ஆண்டில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் குறையவில்லை. உடல் இளைக்க வேண்டும் என்று தொடங்குபவர்களுக்கு இதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவுக் கணக்கில்தான் எதிர்பாராத பலன் கிடைத்தது. தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். முதல் ஆண்டு முடிவில் எடுத்துக் கூட்டியபோது, அலுவலகத்துக்கு வெளியே டீயும் வடையுமாக மட்டும் 19,000 ரூபாய் போயிருந்தது. டீயை நிறுத்தவில்லை, வடையை வாரத்துக்கு இரண்டு நாளாக்கினேன்.

நான்காவதாக, இரவு பல் துலக்கியதும் பல்லிடுக்குகளை நூலால் சுத்தம் செய்வதைத் தொடங்கி நாற்பது நாள் ஆகிறது. நூலை அலமாரிக்குள் வைத்திருந்தவரை பாதி நாள் மறந்தேன். போன வாரம் அதை பிரஷ் நிற்கும் டம்ளரிலேயே போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள்தான் தவறியிருக்கிறது.