கொரியப் பாடகரை அழைத்து வருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

சென்ற வாரம், பெங்களூரில் விழா ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் தோழி ஒருத்தி ஒரு பிடிஎஃப் அனுப்பி, "இது சரியான லெட்டர்தானா, பார்த்துச் சொல்லேன்" என்றாள். ஒரு கொரிய நடிகரை இந்தியாவுக்கு அழைத்துவர இந்த நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு என்று சியோலிலிருந்து வந்த கடிதம். நான் எழுத்தைப் படிக்கவே இல்லை. கீழே இருந்த சிவப்பு முத்திரையில்தான் கண் போனது. சதுர முத்திரை, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து, வலது கீழ் மூலையில் மை பிடிக்காமல் ஒரு சின்ன வெள்ளைக் கீறல். 2024இல் எங்களிடம் 15,000 டாலர் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர் அனுப்பிய தாள்களிலும் அதே முத்திரை, அதே சாய்வு, அதே கீறல். கடிதத் தலைப்பில் கம்பெனிப் பெயரை மாற்றியவர் முத்திரையை மாற்றவில்லை. இத்தனை நாள் வெளியே சொல்லக் கூசியதை அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

சென்னையில் நானும் என் கூட்டாளியும் சின்ன ஈவென்ட் கம்பெனி நடத்துகிறோம். கொரிய சருமப் பராமரிப்புப் பொருட்கள் விற்கும் கிளையன்ட் ஒருவர், டிசம்பரில் திறக்கவிருந்த கடைக்கு ஒரு கே-பாப் பாடகரை ஒரு மணி நேரமாவது அழைத்துவர முடியுமா என்று கேட்டார். ஜூன் மாதம் அந்தப் பாடகரின் நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டோம். மூன்று வாரம் பதிலே இல்லை. பெரிய இடம், நம்மையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள், உள்ளே ஆள் தெரிந்தால்தான் காரியம் நடக்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஏமாந்தது அந்த இடத்தில்தான். பணம் அனுப்பிய நாளில் அல்ல.

அந்த மின்னஞ்சலை இன்று எடுத்துப் பார்த்தால் பதில் வராத காரணம் புரிகிறது. "உங்கள் பாடகரை அழைக்க விரும்புகிறோம், கட்டணம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டிருந்தோம். இந்தத் தொழிலில் அழைப்பவர்தான் முதலில் தொகையைச் சொல்ல வேண்டும். எந்த நாள், எந்த ஊர், அரங்கில் எத்தனை பேர், மேடையில் எத்தனை நிமிடம், ஸ்பான்சர் யார், உடன் வரும் மேக்கப், மேனேஜர், நடனக் குழு என எத்தனை பேருக்கு டிக்கெட்டும் ஓட்டலும், எல்லாம் சேர்த்து எவ்வளவு தருவீர்கள் என்பதையெல்லாம் எழுதி, உங்கள் கம்பெனி இதுவரை நடத்திய நிகழ்ச்சிகளின் விவரத்தையும் வைத்து அனுப்ப வேண்டும். விளம்பரம் என்றால் ஆறு மாதமா ஒரு வருடமா, எந்தெந்த நாட்டில், டிவியிலா இணையத்தில் மட்டுமா என்பதும் வேண்டும். அவர் ஏற்கெனவே வேறொரு அழகுசாதன பிராண்டுக்கு முகமாக இருந்தால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வர முடியாது.

இன்னொன்று, யாரிடம் கேட்பது என்பதே ஒரு வேலை. நான்கு பெண்கள் பாடும் பிளாக்பிங்க் என்ற கே-பாப் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் அவர்கள் ஒய்ஜி நிறுவனத்தோடு குழு நடவடிக்கைகளுக்கு மட்டும்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். தனி வேலைகளுக்கு ஜென்னி, லிசா, ஜிசூ மூவரும் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள், ரோசே வேறு நிறுவனத்துக்குப் போனார். ஜென்னியை விளம்பரத்துக்குக் கேட்க ஒய்ஜியிடம் போனால் அது தவறான கதவு. கொரியாவில் 2009இல் வெளியான முன்மாதிரி ஒப்பந்தப்படி ஒரு கலைஞரைப் பொதுவாக ஏழு ஆண்டுதான் கட்டிவைக்க முடியும். அது முடிந்ததும் பலர் இடம் மாறுகிறார்கள். பழைய நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் தயாரித்துக் காட்டினால் தூரத்தில் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

சரி, அந்த ஆளுக்கு வருகிறேன். ஜூலையில் அவரே தொடர்பு கொண்டார். நிகழ்ச்சிகளுக்குக் கலைஞர்களைப் பேசி அமர்த்துவதை அங்கே சொப்வே என்பார்கள், பத்து வருடமாக அந்த வேலைதான் செய்கிறேன் என்றார். வீடியோ காலில் பின்னால் அலமாரி நிறைய ஆல்பங்கள். பணிவாகப் பேசினார், எந்த நேரம் கேட்டாலும் பதில் சொன்னார். ஒரு வாரத்தில் பாடகர் தரப்பு சம்மதித்துவிட்டதாகவும், அதே தேதியை ஜகார்த்தாவிலிருந்து இருவர் கேட்பதாகவும், 15,000 டாலர் ஹோல்டிங் கட்டணம் கட்டினால் தேதியை நமக்கு ஒதுக்கிவிடலாம் என்றும் சொன்னார். மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வார்களாம்.

நாங்கள் தெரிந்துகொள்ளாதது இதுதான்: முறையான வழியில் முதலில் நம்முடைய ஆஃபர், பிறகு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம், அப்புறம் ஒப்பந்தம், அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ். அது பெரும்பாலும் பாதித் தொகை, மீதி நிகழ்ச்சிக்கு முன். ஒப்பந்தத்துக்கு முந்தி தேதி பிடிக்க என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஆகஸ்டில் அனுப்பினோம். ஏறக்குறைய பன்னிரண்டரை லட்ச ரூபாய். பணம் போக வேண்டிய கணக்கு ஹாங்காங்கில் ஒரு வணிக நிறுவனத்தின் பெயரில் இருந்தது. வங்கியில் அந்த அதிகாரி இன்வாய்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லெட்டர் எல்லாம் சியோல் கம்பெனியோடது, அக்கவுண்ட் மட்டும் ஏன் ஹாங்காங்ல மேடம்?" என்று கேட்டார். அவர் எங்கள் நல்லதுக்குத்தான் கேட்டார். நான் அவசரப்பட்டு, அது அவர்களுடைய பேமென்ட் பார்ட்னர் என்று விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் ஆடிட்டரும் வரிப் பிடித்தத்துக்காக அந்த நிறுவனம் எந்த நாட்டில் வரி கட்டுகிறது என்று காட்டும் வரி வதிவிடச் சான்றிதழைக் கேட்டார். அது வரவே இல்லை. உண்மையான நிறுவனத்துக்கு வரி அலுவலகத்தில் வாங்கிக் கொடுப்பது சாதாரண வேலை. வராதபோதே நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தத் தரகர் செய்த பெரிய பாவம் என்று நான் நினைப்பது வேறு. பணம் போன மறுநாளே, "இப்போது அறிவித்துக்கொள்ளலாம்" என்றார். நாங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டோம். ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் கலைஞரின் பெயரையோ படத்தையோ வெளியிட எந்த நிறுவனமும் விடாது, மீறினால் பேச்சே முறிந்துவிடும். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

செப்டம்பரில் சுசோக் என்ற கொரிய அறுவடைத் திருநாள் விடுமுறை என்று ஒரு வாரம் பதில் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. சியோலுக்குப் பக்கத்தில் சுவோனில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவனிடம் முகவரியைக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி சொல்லுங் ஸ்டேஷனில் இறங்கி, தெஹெரான் சாலையில் அந்தக் கட்டடத்துக்கே போய்விட்டுக் கூப்பிட்டான். "அக்கா, எட்டாவது மாடி முழுக்க வாடகை மேசைதான். அந்தக் கம்பெனி பேர்ல ஒரு தபால் பெட்டி மட்டும் இருக்கு. உள்ள நிறைய கவர் கிடக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்வாய்ஸ்ல இருக்கற பத்து இலக்க எண்ணை வரித்துறை தளத்துல போட்டுப் பார்த்தேன்க்கா. மூடிட்டாங்கன்னு வருது" என்றான்.

பத்து நிமிட வேலை. பணம் அனுப்பும் முன் நான் செய்திருக்க வேண்டியது. கொரியாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பத்து இலக்கப் பதிவு எண் உண்டு, ஹோம்டாக்ஸ் தளத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். அதோடு, கலைஞர்களை ஏற்பாடு செய்து தரும் தொழிலுக்கே 2014 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இடைத்தரகர் உட்பட யாரும் பதிவு செய்யாமல் இந்த வேலை செய்யக் கூடாது. பதிவானவர்களின் பெயர்களை கோக்கா என்ற அரசு அமைப்பின் தளத்தில் தேடலாம். கொரிய மொழியில்தான் இருக்கும், படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைக்கும் சான்றிதழ் உண்டு. அதைக் கேட்டு வாங்கித் தாளோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு முறையும் கையால் குத்திய முத்திரை ஒரே கோணத்தில், ஒரே கீறலோடு விழாது. எங்களிடம் இருந்த மூன்று தாளையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது மூன்று முத்திரையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

அக்டோபரில் பாடகரின் நிறுவனத்துக்கு முழு விவரத்தோடு மறுபடி எழுதினேன். நான்கே நாளில் பதில் வந்தது. இந்தப் பெயரில் எங்களுக்கு யாரையும் தெரியாது, அந்தத் தேதியில் எங்கள் கலைஞருக்கு ஜப்பானில் நிகழ்ச்சி இருக்கிறது, கடிதங்களை அனுப்பி வையுங்கள் என்று. இந்தக் கேள்வியை ஜூலையிலேயே கேட்டிருக்கலாம். இடையில் யார் இருந்தாலும், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து, "ஆம், இவர் எங்களுக்காகப் பேசுகிறார்" என்று ஒரு வரி வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அந்த முகவரியையும் அவர்கள் தளத்திலிருந்து நீங்களே எடுங்கள், தரகர் கொடுப்பதில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். கொரியாவிலேயே 2025இல் பல நட்சத்திரங்களின் ஊழியர்கள்போல் நடித்து உணவகங்களில் மேசை பிடித்து, விலையுயர்ந்த மதுவை முன்கூட்டி வாங்கி வைக்கச் சொல்லிப் பணம் பறித்தார்கள். அந்த ஊர்க்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தோம். வங்கி ஹாங்காங்குக்கு அனுப்பிய கோரிக்கைக்குக் கணக்கில் பணம் இல்லை என்று பதில் வந்தது. தாமதமாகிவிட்டது, முதல் நாளே அழைத்திருந்தால் ஒருவேளை தடுத்திருக்கலாம். கிளையன்ட் கொடுத்திருந்த ஏழு லட்சத்தை எங்கள் சேமிப்பிலிருந்து திருப்பிக் கொடுத்தோம்.

நிகழ்ச்சி ரத்து என்று அறிவித்தும் செய்தி போய்ச் சேராமல் வேலூரிலிருந்து ஒரு பள்ளி மாணவி அம்மாவோடு பஸ் பிடித்து வந்துவிட்டாள். சார்ட் அட்டையில் பாடகரின் பெயரைக் கொரிய எழுத்தில் அவளே எழுதி, ஓரமெல்லாம் மினுமினுப்புத் தாள் ஒட்டியிருந்தாள். "பரவாயில்லைங்க" என்று அவள் அம்மா சொன்னார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை.

பெங்களூர்த் தோழி பணம் அனுப்பவில்லை. அதே கடிதம் இன்னும் யாரிடம் போயிருக்கிறது என்று தெரியாது. உங்களுக்கு வந்திருந்தால் முத்திரை இருக்கும் பகுதியை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், எங்கள் மூன்று தாளோடு வைத்துப் பார்த்து அன்றைக்கே சொல்கிறேன்.