மரை போன சேசிஸ் துளை: செருகியா, புது நட்டா, நீள போல்ட்டா?

வண்டியின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்), அடிப்பாகத்தைப் பாறையிலிருந்து காக்கும் ஸ்கிட் பிளேட்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஹெலிகாயில் (மரை போன துளைக்குள் செருகும் கம்பிச் சுருள்) பெட்டி வாங்கு என்று ஒரு கட்சி சொல்லும். வெல்டிங் இயந்திரத்தை இழுத்து வா என்று இன்னொரு கட்சி சொல்லும். துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதுவதுதான் இரு கட்சிக்கும் பொதுவான குறை. சேசிஸைப் பொறுத்தவரை எந்த முறை சிறந்தது என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. பின்னால் எவ்வளவு உலோகம் இருக்கிறது, அங்கே கை போகுமா, அந்த போல்ட் எந்தத் திசையில் எவ்வளவு பாரம் வாங்குகிறது என்ற மூன்றும்தான் விடையைத் தீர்மானிக்கின்றன.

மேடு பள்ளங்களில் ஓடும் வண்டிகளின் சேசிஸ் பெரும்பாலும் பெட்டி வடிவ எஃகுக் குழாய். சுவரின் கனம் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எம்10, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டின் சாதாரண மரை இடைவெளி 1.5 மி.மீ. அந்தச் சுவரிலேயே மரை வெட்டினால் கிடைப்பது இரண்டே சுற்று. எஃகில் போல்ட்டின் விட்டத்துக்கு ஏறத்தாழ சமமான ஆழத்துக்கு மரை பிடித்தால்தான் அதன் முழு பலமும் கிடைக்கும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே சுவரின் உள்பக்கம் ஒரு நட்டை வெல்டிங் செய்து அனுப்புகிறார்கள். சேசிஸில் மரை போய்விட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த நட்டின் கதைதான்.

நட்டின் கதையிலும் இரண்டு விதம் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு. போல்ட்டின் தலைக்கு அடியில் ஒரு தட்டையான ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பியபடியே இடப்பக்கம் சுற்றிப் பாருங்கள். நெம்பலுக்கு இசைந்து மெல்ல வெளியே வந்தால் மரைதான் போயிருக்கிறது. வந்த போல்ட்டின் பள்ளங்களில் மெல்லிய கம்பிச் சுருள் போல் பளபளப்பான உலோகம் சிக்கியிருக்கும். அதுதான் நட்டின் மரை. எவ்வளவு நெம்பியும் வராமல், உள்ளே ஏதோ கூடவே உருள்வது கைக்குத் தெரிந்தால் நட்டின் வெல்டிங் விட்டுவிட்டது. இந்த இரண்டாவது நிலையில் உலகத்தின் மிகச் சிறந்த செருகியும் பயன்படாது. மரை வெட்டும்போதே நட்டும் சேர்ந்து சுற்றும்.

முதல் இரண்டு சுற்று மட்டும் நசுங்கியிருந்தால் பெரிய வைத்தியம் எதுவும் வேண்டாம். ஆனால் அதற்கு டேப்பை எடுப்பதா, மரை திருத்தும் கருவியை எடுப்பதா என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. டேப் என்பது மரையை வெட்டும் கருவி. கொஞ்சம் கோணலாக நுழைந்தாலும் நல்ல உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிடும். திருத்தும் கருவி நசுங்கியதைப் பழைய வடிவத்துக்குத் தள்ளுவதோடு நின்றுகொள்ளும். இருப்பதைக் காப்பாற்றவேண்டிய இடத்தில் டேப்புக்கு வேலையில்லை.

பெரிய போல்ட்டா, செருகியா?

நட் அசையவில்லை, மரை மட்டும் முழுதாகப் போய்விட்டது என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது அடுத்த அளவுக்குப் போவது. எம்10 இருந்த இடத்தில் 10.2 மி.மீ. துளையிட்டு எம்12, 1.75 மரை வெட்டிவிடலாம். தனியாக எந்தப் பெட்டியும் வாங்கவேண்டாம். கணக்கிலும் நன்றாகவே தெரியும்: எம்10 போல்ட்டில் பாரம் தாங்கும் குறுக்குப் பரப்பு 58 சதுர மி.மீ., எம்12 போல்ட்டில் 84.

ஆனால் பலவீனம் போல்ட்டில் இல்லை, நட்டில் இருக்கிறது. எம்10 வெல்ட் நட்டின் வெளி அகலம் 17 மி.மீ. என்றால், எம்12 மரை வெட்டிய பிறகு பக்கத்துக்கு 2.5 மி.மீ. உலோகம்தான் மிஞ்சும். உயரமோ அதே பழைய 8 மி.மீ.தான். எம்12 போல்ட்டுக்குரிய 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை அதற்குக் கொடுத்தால் அந்தச் சுவர் விரிய வாய்ப்புண்டு; எம்10 போல்ட்டுக்கு உரிய 45, 50 நியூட்டன் மீட்டரோடு நிறுத்தினால் பெரிய போல்ட் போட்டதன் லாபம் போய்விடுகிறது. போதாததற்கு ஸ்கிட் பிளேட்டின் துளையையும் 13 மி.மீ. ஆக்கவேண்டும். நாளை புது பிளேட் வாங்கினால் அதையும். வரிசையில் ஐந்து போல்ட்டுக்கு ஒரு ஸ்பேனர், ஆறாவதுக்கு வேறு ஸ்பேனர். இடையில் இருக்கிறதே என்று 7/16 அங்குல மரை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்து அந்த வண்டிக்கு அடியில் படுக்கப்போகிறவர் அவர்களை வாழ்த்தப்போவதில்லை.

செருகியின் பெருமை, பழைய போல்ட்டே திரும்பப் பொருந்தும் என்பது. அதில் கம்பிச் சுருளும் திடமான புஷ்ஷும் நெடுநாள் போட்டியாளர்கள். ஹெலிகாயில் என்ற பெயரில் பலரும் அறிந்த சுருள், வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அதற்கென்றே உள்ள டேப்பால் பெரிய மரை வெட்டி, சுருளைச் சுற்றி உள்ளே இறக்கவேண்டும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போனால் உலோகத் துகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். சுருளின் மேல்முனை துளையின் வாயிலிருந்து கால் அல்லது அரை மரை கீழே இருக்கவேண்டும். பிறகு அடியில் உள்ள நாக்கை ஒரு கம்பியால் தட்டினால் ‘டக்’கென்று முறியும். பெட்டிக் குழாயில் அந்தத் துண்டு உள்ளே விழுந்து தங்கிவிடும். அது கிலுகிலுக்கும் சத்தம் பிடிக்காதவர்கள் நாக்கில்லாத வகையை வாங்கலாம்.

டைம்-செர்ட் போன்ற திட புஷ், உள்ளும் புறமும் மரையுள்ள ஒரே எஃகுத் துண்டு. மேலே ஒரு சிறு விளிம்பு இருப்பதால் அது துளைக்குள் இறங்கிப் போகாது. அதைத் திருகும் கருவி கடைசிச் சில மரைகளை வெளிப்பக்கம் விரித்துப் பூட்டிவிடும். துளை, விளிம்புக்கான பள்ளம், மரை, செருகல் என்று நான்கு படி வேலை. பெட்டியின் விலையும் சுருளைவிடக் கூடுதல்.

கனமான வார்ப்பிலோ என்ஜின் பிளாக்கிலோ இந்த இரண்டில் எது என்று நாள்முழுக்க வாதாடலாம். சேறும் நீரும் குடிக்கும் சேசிஸில் என் வாக்கு புஷ்ஷுக்குத்தான். ஆறு மாதம் கழித்துத் துருவேறிய போல்ட்டைக் கழற்றும்போது, சுருள் போல்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே வெளியே வந்துவிடக்கூடும். புஷ் அவ்வளவு எளிதில் இடம் பெயராது. இன்னொன்று, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள சுருள்தான் நம்பிக்கை தரும். எம்10 அளவில் அது 15 மி.மீ. 8 மி.மீ. உயர நட்டில் அதற்கு ஏது இடம்? கனமான தனி பிராக்கெட்டோ வார்ப்பிரும்பு முட்டோ இருந்தால் சுருள் தாராளமாகப் போதும். வெல்ட் நட்டில் அது இரண்டாம் தரம்.

நட்டே கையை விரித்துவிட்டால்

இங்கேதான் உண்மையான போட்டி. வெல்டிங் கட்சியின் வழி நேரடியானது: சேசிஸின் பக்கச் சுவரில் ஒரு சன்னல் வெட்டி, பழைய நட்டை எடுத்துவிட்டுப் புது நட்டை வைத்து வெல்டிங் செய்து, சன்னலை மூடுவது. சரியாகச் செய்தால் தொழிற்சாலை நிலைக்கு மிக அருகில் வரும் வழி இதுதான். ஆனால் சன்னலை எங்கே வெட்டுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. சேசிஸ் வளையும்போது மேல், கீழ்ச் சுவர்கள்தான் இழுபாரத்தையும் அழுத்துபாரத்தையும் அதிகம் வாங்குகின்றன. பக்கச் சுவரின் நடு உயரத்தில் அது மிகக் குறைவு. வெட்டு அங்கேதான் இருக்கவேண்டும், மூலைகள் உருண்டையாக இருக்கவேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள நட் என்றால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டே வெல்டிங். அந்தப் புகை காய்ச்சலைத் தரும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவது எல்லோருக்கும் நினைவிருக்கும். குழாயின் உள்ளே பூசியிருக்கும் துருத்தடுப்பு மெழுகு தீப்பிடிக்கும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. சேசிஸ் ஓரமாகவே எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் போகின்றன. உயர்வலிமை எஃகு சேசிஸ் என்றால் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காத இடத்தில் தீயைக் காட்டவே கூடாது.

துளையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி மரை வெட்டும் குறுக்குவழியும் உண்டு. 3 மி.மீ. சுவரை நிரப்பினால் கிடைப்பது மறுபடி அதே இரண்டு சுற்று. வெல்டிங் சூட்டில் இறுகிய இடத்தில் டேப் உடைந்தால் அதை எடுப்பது இன்னொரு பிழைப்பு. இதை நான் பட்டியலிலேயே சேர்க்கமாட்டேன்.

என் கணிப்பில் பலரும் மதிக்காமல் விடும் வழி, நட் பட்டை. நீளமான தட்டைப் பட்டை ஒன்றின் நுனியில் துளையிட்டு நட்டை வெளியே, மேசை மீது வைத்து நிதானமாக வெல்டிங் செய்துகொள்ளலாம். சேசிஸ் குழாய்களில் நீர் வடியவும் பூச்சு ஊற்றவும் விட்ட துளைகள் ஆங்காங்கே உண்டு. குறுக்குச்சட்டத்தின் முனை சில வண்டிகளில் திறந்தே இருக்கும். அதன் வழியே பட்டையை நுழைத்துத் துளைக்கு நேராகக் கொண்டுவந்தால் போதும். உருளும் பழைய நட்டை முன்பே வெளியேற்றியிருக்கவேண்டும். நீளம் காரணமாகப் பட்டை குழாய்ச் சுவரில் மோதி நின்றுவிடும், சுற்றாது. பாரமும் ஒரு புள்ளியில் விழாமல் பரவும். சேசிஸில் தீப்பொறி கூட விழவில்லை. வழி இருக்கும் இடங்களில் சன்னல் வெட்டுவதைவிட இதையே முதலில் முயல்வேன்.

இரு பக்கமும் எட்டும் என்றால் நீள போல்ட் இவை எல்லாவற்றையும் முந்திவிடுகிறது. குழாயைக் குறுக்கே துளைத்து, உள்ளே சரியாகக் குழாயின் அகலத்துக்கு வெட்டிய, மரையில்லாத ஒரு எஃகுப் புஷ்ஷை வைத்து, 8.8 அல்லது 10.9 வலிமைத் தர போல்ட்டை மறுபக்கம் வரை கொண்டுபோய் சாதாரண நட் போடுவது. புஷ் இல்லாமல் இறுக்கினால் குழாய் தகர டப்பா போல நசுங்கும். பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் பிடிப்பு தளர்ந்துகொண்டே இருக்கும். நீள போல்ட்டுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு: இறுக்கும்போது அது சற்றுக் கூடுதலாக நீள்வதால், அதிர்விலும் பிடியை எளிதில் விடாது. மரை போனாலும் போவது வெளியே உள்ள நட்தான். புதிதாக ஒன்று மாட்டிக்கொள்ளலாம். துளைகள் மேல், கீழ்ச் சுவர்களில் விழும் நிலை என்றால் மட்டும் யோசிக்கவேண்டும்.

மெல்லிய தகட்டுத் துளையில் ரிவெட் போல நசுக்கிப் பிடிக்கவைக்கும் நட்டான ரிவ்நட் பற்றி ஓரிரு வரி. சேற்றுத் தடுப்பு, கம்பிக்கட்டு, விளக்கு பிராக்கெட் ஆகியவற்றுக்கு அது அழகான வேலை. ஸ்கிட் பிளேட் பாறையில் உட்காரும்போது வரும் பாரத்துக்கு அது ஆளில்லை. துளைக்குள் சுற்ற ஆரம்பித்தால் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்துவிடுவோம். போட்டே ஆகவேண்டும் என்றால் அலுமினியம் வேண்டாம், அறுகோண உடல் கொண்ட எஃகு வகை. போன மரையை நிரப்பி உருவாக்கும் பசைகளைச் சேசிஸில் பாரம் தாங்கும் எந்த போல்ட்டுக்கும் நம்பவேண்டாம்.

எந்த வழியானாலும் மரை போன காரணம் அங்கேயே காத்திருக்கும். நட்டைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனி துருப்பிடிக்கிறது. கழற்றும்போது அந்தத் துரு நல்ல மரையை அரைத்துக்கொண்டே வெளியே வருகிறது. ஆகவே நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மரைக்கு மேல் நீளாத போல்ட்டாகப் பார்த்துப் போடவேண்டும். சிக்குத் தடுப்புப் பசை தடவினால் உராய்வு குறையும். வறண்ட மரைக்குச் சொன்ன முறுக்கு அளவை அப்படியே கொடுத்தால் போல்ட் வரம்பு மீறி இழுபடும், அதனால் அந்த அளவைக் குறைக்கவேண்டும். முதல் மூன்று சுற்றையாவது கை விரலால் திருகாமல் இம்பாக்ட் துப்பாக்கியை வைப்பவருக்கு எந்தச் செருகியும் நிலைக்காது.

ஸ்டீயரிங் பெட்டி, சீட் பெல்ட் முனை, சஸ்பென்ஷன் கைகள், இழுவைக் கொக்கி ஆகியவை மட்டும் இந்தப் போட்டிக்கு வெளியே. அங்கே சுருள், ரிவ்நட், பெரிய அளவு என்ற பேச்சே கூடாது. தயாரிப்பாளர் சொன்ன பழுது முறை, அல்லது சேசிஸ் வேலை தெரிந்த வெல்டரின் கை. அதுவரை வண்டி நின்றுகொண்டிருக்கட்டும்.