கப்பலில் டிரிங்க்ஸ் பேக்கேஜ்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்த சில நாட்களிலேயே மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். "டிரிங்க்ஸ் பேக்கேஜை இன்றே வாங்கினால் 30% தள்ளுபடி, நாளுக்கு ஒரு தொகை கட்டிவிட்டுப் பயணம் முழுவதும் வேண்டிய அளவு குடிக்கலாம்." சாப்பாடு, அறை, நீச்சல் குளம், இரவு நேர நிகழ்ச்சிகள் எல்லாம் டிக்கெட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மதுவும் கோக்கும் நல்ல காப்பியும் அடங்குவதில்லை. ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனக் குழுமத்தின் வருவாயில் ஏறத்தாழ 30% டிக்கெட்டுக்கு அப்பால், பயணிகள் செய்யும் மற்ற செலவுகளிலிருந்து வருகிறது. மது, சூதாட்டம், வைஃபை, கரையோரச் சுற்றுலா எல்லாம் சேர்ந்த தொகை அது. அந்த மின்னஞ்சலின் பின்னால் இருக்கும் அக்கறை எதன்மேல் என்பது இதிலேயே தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் குடிக்கும் வீடு என்றால் ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய இரு கப்பல் நிறுவனங்களின் முழு மது பேக்கேஜையும் வாங்காதீர்கள். பிரின்சஸ் நிறுவனத்தின் பிளஸ் பேக்கேஜ் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகும். நார்வீஜியன் நிறுவனத்தின் பேக்கேஜ் இந்த இரண்டு வகைக்கும் நடுவே நிற்கிறது. மது தொடாதவர்களுக்கான பேக்கேஜைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் குடும்பங்களுக்கு அதுதான் அதிகம் பொருந்தும் என்பதால் அதையும் சேர்த்தே பார்க்கலாம்.

ராயல் கரீபியனின் முழு மது பேக்கேஜான டீலக்ஸ் பெவரேஜ் பேக்கேஜுக்கு நிலையான விலை கிடையாது. கப்பலைப் பொறுத்தும் தேதியைப் பொறுத்தும் ஏறி இறங்கும். ஒருவருக்கு நாளுக்கு 60 டாலருக்கும் பார்க்கலாம், 100 டாலரைத் தாண்டியும் பார்க்கலாம். கணக்குக்காக 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18% டிப்ஸ் கட்டாயமாகச் சேரும், ஆக 94.40 டாலர். பேக்கேஜ் இல்லாமல் பாரில் ஒரு காக்டெய்ல் வாங்கினால் 14 டாலர், அதே 18% சேர்த்து 16.52. பியர் 8 டாலர் என்றால் 9.44. அதாவது போட்ட பணத்தை எடுக்க நாளுக்கு 6 காக்டெய்ல் அல்லது 10 பியர் குடிக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 7 இரவுப் பயணம் என்றால் ஏழு நாளும். காலையில் நசாவு, கொசுமெல் போன்ற துறைமுக ஊர்களில் இறங்கி மாலைதான் கப்பலுக்குத் திரும்புகிற நாளும் இந்தக் கணக்கில் அடக்கம். துறைமுக ஊரின் கடைகளில் இந்த பேக்கேஜ் செல்லாது. ராயல் கரீபியனின் சொந்தத் தீவான கோகோகேயில் செல்லும்.

இடையில் காப்பி, கோக், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேருமே என்பார்கள். சேரும். ஒரு கப்புச்சினோ 5 டாலர், ஒரு கோக் 4 டாலர் என்றால் நாளுக்கு ஓரிரண்டு காக்டெய்லின் விலையை அவை ஈடுகட்டும். அப்போதும் நாலைந்து காக்டெய்ல் மிச்சம் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு: கப்பலுக்குள்ளேயே இருக்கும் ஸ்டார்பக்ஸ் கடையில் இந்த பேக்கேஜ் செல்லாது. 14 டாலருக்கு மேல் விலையுள்ள மதுவுக்கு வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இப்போது குடும்பக் கணக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் சற்று நின்று பார்ப்போம். ஒரே கேபினில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் டீலக்ஸ் வாங்கினால் மற்ற பெரியவர்களும் வாங்கியே ஆக வேண்டும் என்பது விதி. ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதைத் தடுக்க இந்த ஏற்பாடு. கணவர் நன்றாகக் குடிப்பவர், நாளுக்கு 6 காக்டெய்ல்; மனைவி இரவுச் சாப்பாட்டோடு ஒரே ஒரு கிளாஸ் ஒயின், 12 டாலர். பேக்கேஜ் இல்லாமல் அன்றன்று காசு கொடுத்தால் நாளுக்கு 99.12-உம் 14.16-உம் சேர்ந்து 113.28 டாலர். இருவருக்கும் பேக்கேஜ் போட்டால் 188.80. நாளுக்கு 75 டாலருக்கு மேல் நஷ்டம், வாரத்துக்கு 528. கணவர் மட்டும் தனியாக இந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட வேண்டும் என்றால் நாளுக்கு 11 காக்டெய்ல் குடிக்க வேண்டும். அளவாகக் குடிக்கிறவருக்கு நஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். நிறையக் குடிக்கிறவருக்கும், கூட வருபவர் குடிக்காவிட்டால், நஷ்டம்தான். ஒரு வாரத்துக்கு இருவருக்கும் சேர்த்து பேக்கேஜ் விலை 1,321 டாலர். இந்தியப் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

கர்ப்பம், உடல்நிலை போன்ற காரணங்களைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டால், குடிக்காதவருக்கு மது இல்லாத பேக்கேஜை மட்டும் போட்டுக்கொடுப்பது உண்டு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கிடைக்கும் என்று நம்பிப் பணத்தை ஒதுக்காதீர்கள். நண்பர்கள் குழுவாகப் போகிறவர்கள் குடிக்கிற இருவரை ஒரு கேபினிலும் குடிக்காத இருவரை இன்னொரு கேபினிலும் பதிவு செய்வது வழக்கம். அப்படிச் செய்ய முடிந்தால் அதுவே எளிய வழி.

சிங்கப்பூரிலிருந்து 3, 4 இரவுப் பயணம் போகும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல்களில் மது அருந்த 21 வயது ஆக வேண்டும். ஆசியப் பயணங்களில் 18. கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் பிள்ளை உங்கள் கேபினிலேயே தங்கினால் அவரும் கணக்கில் பெரியவர்தான். அப்பா டீலக்ஸ் வாங்கினால் பிள்ளைக்கும் வாங்கச் சொல்லும் நிலை வரும்.

கார்னிவலின் சீயர்ஸ் பேக்கேஜ் டிப்ஸும் சேர்ந்து பெரும்பாலும் நாளுக்கு 70-லிருந்து 90 டாலருக்குள் அமையும். 20 டாலர் வரையிலான மதுவை அது ஏற்கும், ராயல் கரீபியனின் 14 டாலர் வரம்பைவிடத் தாராளம். விலையுயர்ந்த விஸ்கியை விரும்புகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அதே கேபின் விதி இங்கும் உண்டு. கூடுதலாக ஒரு வரம்பு: காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை 15 மது பானங்கள் மட்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் தருவார்கள். அடுத்ததைக் கேட்க 5 நிமிடம் ஆக வேண்டும். ஹூஸ்டன், டாலஸ் பக்கத்துத் தமிழர்கள் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கார்னிவல் ஏறினால், டெக்சஸ் மாநிலச் சட்டத்தால் முதல் நாள் சீயர்ஸ் கிடையாது, இரண்டாம் நாள்தான் தொடங்கும். நியூயார்க்கிலிருந்து கிளம்பினாலும் அப்படித்தான். முதல் நாளுக்குக் காசு வாங்குவதில்லை என்பதால் இதில் இழப்பு ஒன்றும் இல்லை, தெரிந்திருந்தால் போதும்.

இந்த 15 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்துகிறது. 2020–2025 காலத்துக்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, குடிக்கிற ஆண்களுக்கு நாளுக்கு 2, பெண்களுக்கு 1 என்று எல்லை போட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. மதுவை மட்டும் பார்த்தால் ராயல் கரீபியனின் பேக்கேஜ் கட்டுப்படியாகத் தொடங்குவதே 6-வது காக்டெய்லில். அதாவது உங்கள் பணம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்றால் அந்த வழிகாட்டி ஆண்களுக்குப் போட்ட எல்லையைப்போல் மூன்று மடங்கு குடிக்க வேண்டும். காசு கொடுத்தாயிற்றே என்று வேண்டாத ஒன்றை வாங்கிக் குடிக்கும் பழக்கம் நல்ல மனிதர்களுக்கும் வரும். பந்தியில் இலை நிறைய வாங்கிவிட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருப்பது போன்றதுதான் அது. விடுமுறையில் ஒரு நாள் கூடுதலாகக் குடிப்பது அவரவர் விருப்பம். ஏழு நாளும் அப்படிக் குடித்தால்தான் லாபம் என்று அமைந்த ஒரு திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நார்வீஜியனில் கதை வேறு. மது பேக்கேஜை டிக்கெட்டோடு சேர்த்தே விற்கிறார்கள். ஃப்ரீ அட் சீ, மோர் அட் சீ என்று அதன் பெயர் மாறி மாறி வந்திருக்கிறது. இலவசம் என்று காதில் விழுந்தாலும் அந்த பேக்கேஜின் முழு மதிப்பின்மேல் 20% டிப்ஸை நீங்கள்தான் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு 20 டாலருக்கு மேல் ஆகும். தனியாக வாங்கினால் 14 டாலர் காக்டெய்ல் டிப்ஸோடு 16.80 ஆகிறது. ஆக இரண்டு குடிப்பவருக்கே டிப்ஸ் செலவு ஈடாகிவிடும். மாலையில் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று என்று நிறுத்திக்கொள்கிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். அதே பயணத்துக்கு பேக்கேஜ் சேராத டிக்கெட் என்ன விலை என்று பார்த்து, அந்த வித்தியாசத்தையும் டிப்ஸோடு கூட்டுங்கள். இலவசத்தின் உண்மையான விலை அந்தக் கூட்டுத்தொகைதான். இருவருமே குடிக்காதவர்கள் என்றால் பேக்கேஜ் இல்லாத டிக்கெட்டை எடுங்கள், இல்லாவிட்டால் தொடாத மதுவுக்கு வாரம் முழுக்க டிப்ஸ் கட்டுவீர்கள்.

பிரின்சஸ் பிளஸ் நாளுக்கு 65 டாலர் அளவில் வருகிறது. பார்த்தவுடன் மற்றவற்றைவிடக் கொஞ்சம்தான் மலிவு என்று தோன்றும். உள்ளே இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ் இதிலேயே அடங்கும். எப்படியும் நீங்கள் கட்ட வேண்டிய 17, 18 டாலர் அது. ஒரு கருவிக்கு வைஃபையும் அடங்கும். தனியாக வாங்கினால் 20 முதல் 25 டாலர் ஆகும். இரண்டையும் கழித்தால் குடிப்பதற்கென்று நிற்பது 25 டாலரைச் சுற்றித்தான். ஒரு காக்டெய்ல், ஒரு காப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், அதோடு கணக்கு நேராகிவிடுகிறது. 15 டாலர் வரையிலான பானங்கள் கிடைக்கும், இங்கும் நாளுக்கு 15 என்ற வரம்பு இருக்கிறது. குடிக்காத மனைவிக்கும் வைஃபையும் டிப்ஸும் கிடைப்பதால் அவர் பங்குப் பணம் முழுதாகக் கரைவதில்லை. ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு தினமும் வீடியோ காலில் பேச வேண்டும் என்கிறவர்களுக்கு வைஃபை எப்படியும் தேவை. ஒரு வாரம் போனே வேண்டாம் என்று போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. இவற்றில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். இன்னும் விலை கூடிய பிரீமியர் பேக்கேஜை வேண்டாம் என்பேன். கூடுதல் பணத்துக்கு வருவதில் பெரும்பகுதி நமக்குத் தேவைப்படாது.

மது தொடாதவர்களுக்கு ராயல் கரீபியனில் ரிஃப்ரெஷ்மென்ட் பேக்கேஜ் உண்டு. நாளுக்கு 30 முதல் 40 டாலர், அதன் மேல் டிப்ஸ். மாக்டெய்ல் (மது கலக்காத காக்டெய்ல்), பிழிந்த பழச்சாறு, கோக், தண்ணீர் பாட்டில், எஸ்பிரெஸோ வகைக் காப்பி எல்லாம் அடங்கும். இரண்டு மாக்டெய்ல், ஒரு காப்பி, இரண்டு கோக், ஒரு தண்ணீர் பாட்டில் என்று ஒரு நாள் போனால் 35 டாலரை எடுத்துவிடலாம். வெயிலில் நீச்சல் குளத்தருகே முழுநாளும் கழிக்கும் குடும்பத்துக்கு இது நியாயமான செலவு. வெறும் தண்ணீருக்காக வாங்க வேண்டாம். கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் கப்பல் குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது. வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டே இருக்கலாம். பஃபேயில் சாதாரணக் காப்பி, தேநீர், லெமனேட் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு லெமனேட் இருக்கும்போது சோடா பேக்கேஜ் தேவையே இல்லை.

பேக்கேஜே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கையிருப்புக்கு வழி உண்டு. ஏறும் நாளில் பெரியவர் ஒருவருக்கு 750 மில்லி ஒயின் ஒன்றைக் கையோடு கொண்டுவரக் கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ் மூன்றும் அனுமதிக்கின்றன. கார்னிவலில் ஆளுக்கு 12 கேன் கோக்கும் கொண்டுபோகலாம். இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் என்கிறவருக்கு அந்த ஒரு பாட்டிலே ஐந்து இரவு வரும். ராயல் கரீபியனில் அடிக்கடி பயணம் செய்து டயமண்ட் நிலையை எட்டியவர்களுக்கு நாளுக்கு 4 பானம் இலவசம். அவர்கள் டீலக்ஸ் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் டீலக்ஸ் யாருக்கு? இருவரும் குடிப்பவர்கள், கடலிலேயே நாள் முழுதும் கழியும் நாட்கள் அதிகமுள்ள பயணம், காக்டெய்ல் விரும்பிகள், ஒவ்வொரு முறையும் பில்லைப் பார்ப்பது மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள். அவர்கள் வாங்கலாம், ஆனால் கப்பலில் ஏறிய பிறகு வாங்க வேண்டாம், விலை கூடுதலாக இருக்கும். பயணத்துக்குப் பல மாதம் முன்பே இணையக் கணக்கில் ஒரு விலைக்கு வாங்கிவைத்துவிட்டு வாரம் ஒருமுறை பாருங்கள். விலை இறங்கினால் பழையதை ரத்துசெய்து புதிய விலையில் வாங்கலாம், பணம் முழுதும் திரும்பும். நவம்பர் இறுதியின் பிளாக் ஃப்ரைடே வாரத்தில் விலை இறங்குவது வழக்கம். கப்பல் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு இந்த வாய்ப்பு மூடிவிடும், அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.