குளம்பு தளர்ந்த குதிரைக்கு லாடமா, மரக்கட்டையா, பூட்ஸா?

முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் குதிகாலில் போட்டு நிற்கும் குதிரையைக் கண்டால் முதல் சந்தேகம் லாமினைடிஸ் என்ற குளம்பு அழற்சிதான். குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் கோத்துப் பிடிக்கும் மெல்லிய மடிப்புகள் அழன்று பிடி விடுகின்றன. மேலே உடல் எடை அழுத்த, பின்னால் தசைநாண் இழுக்க, எலும்பின் முனை அடித்தோலை நோக்கித் திரும்பும். அதுதான் ஃபவுண்டர்.

பழைய கைவைத்தியம் ஹார்ட்-பார் லாடம். குளம்படியில் முக்கோணமாக மெத்தென்றிருக்கும் பகுதியை ஒரு பட்டை தாங்கி, எலும்புக்கு முட்டுக் கொடுக்கும். எக்ஸ்ரே பார்த்து அளவெடுத்து அடித்தால் நன்றாக வேலை செய்யும். பட்டை சற்றே முன்னால் நீண்டாலும் வலி இரட்டிப்பாகும். தவிர, ஏற்கெனவே கொதிக்கும் குளம்பில் ஆணி அடிக்க எந்தக் குதிரை சும்மா நிற்கும்?

மரக்கட்டையில் அந்தத் தொல்லை இல்லை. ஒட்டுப்பலகையை வெட்டி விளிம்பைச் சுற்றிலும் சரித்து, திருகாணியும் கட்டுப்பட்டையும் வைத்துப் பொருத்துகிறார்கள். சரிவு இருப்பதால் குதிரை எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் எளிதாக உருளும். எலும்பு திரும்பி, நோய் நாள்பட்டுவிட்டால் என் ஓட்டு இதற்குத்தான்.

நோய் தொடங்கிய நாட்களில் நான் கேட்பது தடித்த நுரைத் திண்டும் பூட்ஸும். தினமும் கழற்றி அடிப்பாகத்தைப் பார்க்கலாம். திண்டு நசுங்கினால் மாற்றலாம். ஈரத்தோடு மாட்டிவிட்டால் மட்டும் கறுத்து, நாறி, அழுகல் பிடிக்கும்.

இவற்றில் எதுவும் நோயின் காரணத்தைத் தொடாது. தானிய மூட்டையை உடைத்துத் தின்றதா, இன்சுலின் கோளாறா, குட்டி போட்டபின் நச்சுக்கொடி தங்கியதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். தானியத்தைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், நொண்டும்வரை காத்திராமல் கால்களை 48 முதல் 72 மணி நேரம் விடாமல் பனிக்கட்டியில் வைப்பது லாடம், கட்டை, பூட்ஸ் மூன்றையும்விட மேல்.

2006 ப்ரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரைக்கு, பாரத்தைச் சுமந்த இடது பின்னங்காலில்தான் லாமினைடிஸ் வந்தது. பென்சில்வேனியாவின் நியூ போல்டன் மையம் என்ற கால்நடை மருத்துவமனையில் மாதக்கணக்கில் பார்த்தும் பலனில்லை. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள்.

பிழைத்த குதிரைக்கும் குளம்பு மாதம் ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். முன்சுவர் முழுக்கப் புதிதாக இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். எதைப் பொருத்தினாலும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை சீவும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.